புகைபோக்கிக்குத் தகுந்த பிரஷ்

நவம்பர் 6, வியாழன்

இந்த வீட்டுக்கு வந்தபின் முதல் முறையாக இன்று மாலை கணப்பைப் பற்றவைத்தேன். புகை மேலே போகவில்லை. என்னோடு தங்க விரும்பியது. ஜன்னல்வரை தவழ்ந்து போக வேண்டியிருந்தது. அறுபத்தெட்டு வயதில் தவழ்வது எளிதல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பங்களாவின் மறுபாதியில் குடியிருக்கும் எமெல்டா ஈரத்துண்டோடு வந்தார். கதவைத் தட்டவில்லை.

"உயிரோட இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்."

"அப்ப எதுக்குத் தரையில கிடக்கீங்க? எந்திரிங்க."

அரசு மருத்துவமனைகளில் மேட்ரனாக இருந்து ஓய்வுபெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. குன்னூரில் எல்லோரும் அவரை மேட்ரன் என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே.

ஏதோ ஒரு தேயிலைத் துரை கட்டிய பங்களா இது. இப்போதைய உரிமையாளர் நடுவே சுவர் எழுப்பி இரண்டு வாடகை வாங்குகிறார். கூரைமேல் புகைபோக்கி ஒன்றுதான். உள்ளே இரண்டு தனித்தனிப் புகைவழிகள். மேட்ரனுடையது ஒழுங்காக இழுக்கிறது. என்னுடையதை இருபது ஆண்டுகளாக யாரும் தேய்க்கவில்லையாம். மின்சார ஹீட்டர் வைக்கலாமென்றால், பழைய ஒயரிங் தாங்காது என்று உரிமையாளர் தடை விதித்திருக்கிறார்.

"சரியாகுறவரைக்கும் சாயந்திரம் என் பக்கம் வந்து உக்காருங்க" என்றார் மேட்ரன். "விறகு மட்டும் உங்க பங்குக்குக் கொண்டாந்திருங்க."

நியாயமான ஏற்பாடு.

நவம்பர் 7, வெள்ளி

சட்டைகளில் புகை வாடை. எல்லாவற்றையும் துவைத்தேன். மாலை மறுபாதியில்.

நவம்பர் 9, ஞாயிறு

சென்னையிலிருந்து பிரபாகர் போன் செய்தான்.

"அப்பா, ரூம்ல எத்தனை டிகிரி இருக்கும்?"

"தெரியலடா. விரல் மடங்குது."

"காமெடி வேணாம்ப்பா. பொங்கலுக்கு வர்றேன். அதுக்குள்ள அந்தக் கணப்பு எரியணும். எரியலன்னா உங்களைக் கையோட கூட்டிட்டு வந்துருவேன். அம்மா இருந்தப்போ நீங்க என்னவோ பண்ணுங்கன்னு விட்டேன். இனிமே விட முடியாது."

மகன் பேசுவதில் தவறில்லை. அவனுடைய வீடு பதினான்காவது மாடியில் இருக்கிறது. அங்கே ஜன்னலைத் திறந்தால் மற்ற ஜன்னல்கள் தெரியும். என் மனைவி கோமதி போனபிறகு அங்கே சில வாரங்கள் இருந்தேன். காலை நடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கேட்டில் என் பெயரை எழுதிப் பக்கத்தில் 'விசிட்டர்' என்று குறித்தார்கள். கடைசி நாள்வரை அப்படித்தான் குறித்தார்கள். அது சரியான பதிவுதான்.

ஆகவே பொங்கலுக்குள் புகைபோக்கி சுத்தமாக வேண்டும். அதற்குத் தகுந்த பிரஷ் வேண்டும். தகுந்த பிரஷ்ஷை அவசரத்தில் தேர்ந்தெடுக்க முடியாது.

மாலை மறுபாதியில். மேட்ரன் கேரம் போர்டை எடுத்து வைத்தார். ஈரக்காற்றில் பலகை இழுக்கிறது என்று நெருப்பின் முன் நிறுத்திக் காயவைத்து, பிறகு பொடி தூவினார். தோற்றேன்.

நவம்பர் 12, புதன்

இஸ்திரி போட்ட சட்டையோடு பஜாருக்குப் போனேன். ரஃபீக் பாயின் ஹார்டுவேர் கடையில் புகைபோக்கி தேய்க்கும் கம்பி பிரஷ் இருந்தது. பார்வைக்குக் கோபமான முள்ளம்பன்றி.

"எடுத்துட்டுப் போங்க சார். கரியில ஒரு துளி விடாது."

"அதுதான் பாய் எனக்கு யோசனையா இருக்கு."

பழைய செங்கல் சுவர். இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து. எஃகுக் கம்பி கரியையும் சாந்தையும் பிரித்துப் பார்க்காது. இரண்டையும் சேர்த்துச் சுரண்டும். சாந்து போனால் செங்கல் ஆடும். செங்கல் ஆடினால் நெருப்பு கூரை மரத்துக்கு வழி கேட்கும். இதை பாய்க்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சார், பிரஷ்தானே வாங்க வந்தீங்க? பொண்ணு பாக்க வந்த மாதிரி மூக்கு முழியெல்லாம் பாக்குறீங்களே!"

கடையில் இருந்த நால்வரும் சிரித்தார்கள். பிரஷ் வாங்காமல் வந்துவிட்டேன்.

மாலை மேட்ரன் கேட்டார்: "வாங்கிட்டீங்களா?"

"இல்ல. ஒத்தி வெச்சிருக்கேன்."

"ஆரம்பிச்சாச்சா வாய்தா?" என்றார்.

மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்தவன் நான். வழக்குக் கட்டுகளை ஒழுங்குபடுத்துவதும் அடுத்த விசாரணைக்கு நாள் குறிப்பதும் என் வேலை. வாய்தா என்பதைக் கேலிச்சொல்லாக நான் கருதுவதில்லை. பெரும்பாலான வழக்குகளில் இரு தரப்புக்கும் கடைசியில் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

நவம்பர் 19, புதன்

புகைவழியை அளக்காமல் பிரஷ் வாங்குவது கால் பார்க்காமல் செருப்பு வாங்குவது போல. எஸ்டேட் பங்களாக்களுக்குக் கூரை வர்ணம் அடிக்கும் போஜனை அழைத்தேன். ஏணியில் ஏறி, புகைபோக்கிக்குள் கையை விட்டுப் பார்த்து, மேலே நின்றபடியே அறிவித்தார்:

"ஒரு சாண் சார். அதுக்கு மேல ரெண்டு விரல்!"

"யாரு சாண்?"

"என் சாண்தான். வேற யாரு மேல வந்திருக்கா?"

"டேப் கொண்டு போகலயா?"

"டேப்பெல்லாம் எதுக்கு சார்? கோணியில கல்லைப் போட்டுக் கட்டி உள்ள விட்டு ரெண்டு இழு இழுத்தா எல்லாம் கொட்டிரும். இப்பவே செஞ்சிரட்டா? ஒரு மணி நேர வேலை."

ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை எதுவும் எனக்குப் பழக்கமில்லை. கல் மோதினால் செங்கல் உடையும் என்று சொல்லி இறங்கச் சொன்னேன். பிறகு டேப்போடு மறுபடியும் ஏறச் சொன்னேன். ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம், சதுரம். போஜனின் சாணும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. ஆனால் அது பிரமாண வாக்குமூலம் ஆகாது.

மாலை மழை. மறுபாதிக்குச் சவுக்குக் கட்டை கொண்டுபோனேன். மேட்ரனுக்கு இங்கே கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் கட்டையின் வாசனைதான் பிடிக்கும் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

நவம்பர் 20, வியாழன்

கற்பூர மரக் கட்டை ஒரு சுமை வாங்கினேன். சவுக்கு நல்ல கட்டைதான். ஆனால் ஒரே மாதிரிக் கட்டையை எரித்துக்கொண்டிருப்பதும் சரியல்ல.

நவம்பர் 28, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து நைலான் பிரஷ் பார்சலில் வந்தது. இரண்டு குறைகள். ஒன்று, நைலான் சூட்டில் சுருளும் என்று அதனுடன் வந்த தாளிலேயே எழுதியிருந்தது. இரண்டு, பிரஷ் வட்டம்; என் புகைவழி சதுரம். வட்டம் நடுவில் புகுந்து வரும். நான்கு மூலைகளிலும் பழைய நிலைமை அப்படியே தொடரும். பல சீர்திருத்தங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன என்றாலும் புகைபோக்கி விஷயத்தில் அனுமதிக்க முடியாது. திருப்பி அனுப்பினேன்.

மேட்ரனிடம் வட்டம், சதுரம் எல்லாம் படம் போட்டு விளக்கினேன். கேரம் பொடியின் மேல் விரலால் போட்ட படம். அவர் அதை அழித்துவிட்டு, நான் குறிவைத்திருந்த காயைத் தட்டினார்.

"அந்தக் காய் என்னோடது" என்றேன்.

"பேசிக்கிட்டே இருந்தா யாருதும் யாருதாவும் ஆகாது சார். அடிக்கணும்."

டிசம்பர் 5, வெள்ளி

இன்று ஒரு முன்னேற்றம். என் முயற்சியால் நிகழ்ந்ததல்ல. மேட்ரனின் தம்பி உடன்குடிப் பக்கம் பனந்தும்பு வியாபாரம் செய்கிறாராம். பனைமட்டையின் அடியிலிருந்து எடுக்கும் நார்தான் தும்பு. கம்பியைப் போலச் சாந்தைச் சுரண்டாது, நைலானைப் போலச் சுருளாது, தேங்காய் நாரைப் போலத் துவண்டும் போகாது.

"எங்க ஊரு தும்பு கப்பலேறிப் போயி வெள்ளக்காரன் வீட்டுப் புகைபோக்கியத் தேய்க்குது. உங்க வீட்டைத் தேய்க்காதா?"

"சதுரமா செஞ்சு தருவாங்களா?"

"எப்படிச் சொல்லுதீங்களோ அப்படிச் செய்வான். அளவைச் சொல்லுங்க."

ஒன்பதரை அங்குலம் என்றேன். பிரஷ் புகைவழியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் மடங்கி உரசும். அவர் எனக்கு எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டுப் பேசினார். நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு வாரத்துக்கு மேல ஆகும்கிறான். அவசரமில்ல, நிதானமா செய்யின்னு சொல்லிட்டேன்."

அவசரமில்லை என்று ஏன் சொன்னார் என நான் கேட்கவில்லை. தும்பைச் சீவிப் பதப்படுத்த நேரமாகும்தான்.

டிசம்பர் 13, சனி

மூன்று நாளாக மழை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கைக் கேரம் போர்டின் ஓரத்தில் வைத்து ஆடினோம். அவருடைய மாதாகோயில் சிநேகிதி ஒருவர் குடையோடு வந்து, என்னைப் பார்த்து, மேட்ரனைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார்.

"சாருக்கு வீட்டுல புகை" என்றார் மேட்ரன்.

"இன்னுமா?" என்றார் சிநேகிதி.

நல்ல கேள்வி. அந்த அம்மாள் போனபிறகு இன்று முதல் தடவையாக ஒரு ஆட்டம் ஜெயித்தேன். சிவப்புக் காயை அவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாது.

டிசம்பர் 20, சனி

பிரபாகருக்குப் பொறுமை போய்விட்டது.

"கணப்பு எரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கப்பா. பாத்தாத்தான் நம்புவேன்."

மாலை இதைச் சொன்னபோது மேட்ரன் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "இந்தா எரியுதில்ல? இதை எடுத்து அனுப்புங்க. ரெண்டு கணப்பும் ஒரே மாதிரிதான். மேல இருக்க மாதா சொரூபத்தை மட்டும் நகட்டிருவோம்."

சொரூபத்தைத் தூக்கவும் செய்தார். நான் தடுத்தேன். பொய்ச் சாட்சியம் தயாரிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று விரிவாக எடுத்துச் சொன்னேன். சொரூபத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "நல்லது சார். உங்க மனசாட்சியைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க லிஃப்ட் எல்லாம் இருக்கு" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தார். எதற்காகக் கோபம் என்பதை வீட்டுக்கு வந்தபின் நெடுநேரம் ஆராய்ந்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

மேட்ரன் வீட்டில் தம்பி குடும்பம், தங்கை குடும்பம், பிள்ளைகள். காலையில் கேக்கும் வாழ்த்தும் கொடுத்து அனுப்பினார். மாலை போகவில்லை. கணப்பைச் சுற்றி அவர்களுக்கே இடம் போதாது. இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு சமையலறை அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் கேரம் காய்கள் மோதும் சத்தம். யாரோ மோசமாக ஆடுகிறார்கள்.

டிசம்பர் 31, புதன்

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தும்பு பிரஷ்ஷையும் தம்பி கொண்டுவந்திருக்கிறார். உறவினர்கள் ஊருக்குப் போனபின் மேட்ரன் இன்று அதை என்னிடம் ஒப்படைத்தார். காலையிலிருந்து ஆராய்ந்தேன். சதுரம் பிசகவில்லை. நார் ஒரே நீளம். இழுத்தால் உதிரவில்லை. வளைத்தால் நிமிர்கிறது. நடுக்கட்டை வேம்பு, திருகு இறுக்கமாக உட்காருகிறது. ஒன்றோடொன்று திருகும் பிரம்புகளும் கூடவே வந்திருக்கின்றன.

மத்தியானம் வெயிலில் வைத்து மறுபடி பார்த்தேன். குறை எதுவும் தென்படவில்லை.

"எப்படி சார்?" என்று வேலியோரம் நின்று கேட்டார்.

"நல்லா இருக்கு."

"ஒரு குறையும் இல்லியா?"

"இல்ல."

"தம்பி எப்பவும் அப்படித்தான். வேலையில கெட்டிக்காரன்" என்றார். அவ்வளவு பெருமையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜனவரி 5, திங்கள்

பொங்கல் நெருங்கிவிட்டது, மேலும் நாள் குறிக்க முகாந்திரம் இல்லை. போஜனை வரச்சொன்னேன். கணப்பின் வாயில் ஈரக்கோணி கட்டினோம். அவர் மேலிருந்து பிரஷ்ஷை இறக்கினார். பிரம்பை எப்போதும் வலப்பக்கமாகவே திருக வேண்டும், இடப்பக்கம் திருகினால் கழன்று பிரஷ் உள்ளேயே தங்கிவிடும் என்று கீழேயிருந்து எச்சரித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே சிக்கினால் அதை எடுக்க எத்தனை வாரம் ஆகும் என்றும் ஒரு தடவை கேட்டேன்.

"சிக்காது சார்! பயப்படாதீங்க!" என்று மேலிருந்து தைரியம் சொன்னார்.

சிக்கவில்லை. இரண்டு வாளிக் கரியும், ஒரு பறவைக்கூடும், யாரோ ஒரு குழந்தையின் பந்தும் விழுந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்தது. காகிதத்தைக் கொளுத்திக் காட்டினேன்; புகை ஒரே இழுப்பில் மேலே போனது.

"அருமையான பிரஷ் சார்" என்றார் போஜன்.

மேட்ரன் வந்து பார்த்தார். குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டார். "சரி சார். இனி உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

ஜனவரி 6, செவ்வாய்

என் வீட்டில் என் நெருப்பு. நன்றாக எரிகிறது.

ஜனவரி 7, புதன்

நல்ல நெருப்பு. ரோமாபுரியின் வீழ்ச்சி பற்றிய தடித்த புத்தகத்தை மறுபடி எடுத்தேன். விழ நீண்ட காலம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல நிர்வாகம் நடந்த தேசம்.

ஜனவரி 9, வெள்ளி

கேட்டில் மேட்ரனைப் பார்த்தேன்.

"நெருப்பு எப்படி?"

"நல்லா எரியுது."

"நல்லது."

"உங்க பக்கம்?"

"அது எப்பவும் நல்லாத்தான் எரியும்."

இருவரும் சிறிது நேரம் பால்காரர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வழியில் யோசித்தேன். முன்பு என் வீட்டில் புகை இருந்தது. அதனால் அங்கே போய் உட்கார்ந்தேன். இப்போது புகை இல்லை. சொந்தக் கணப்பு எரியும்போது ஒருவன் அடுத்தவர் கணப்பின் முன் போய் உட்கார என்ன காரணம் காட்டுவான்? நீதிமன்றத்தில் என்றால் மனுவை வாங்கும் முன்பே திருப்பிவிடுவேன்.

ஜனவரி 11, ஞாயிறு

கற்பூர மரக் கட்டை நிறைய மிச்சமிருக்கிறது. எனக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்வதில்லை. எரிக்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பிரபாகர் நேற்றே குடும்பத்தோடு வந்துவிட்டான். கணப்பைப் பார்த்து அசந்துபோனான். அதன் முன் உட்கார்ந்து எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பினான்.

"சூப்பர்ப்பா. இதுக்கு மேல உங்களைக் கூப்பிட என்ன இருக்கு? இங்கயே சவுக்கியமா இருங்க."

"சரிடா."

"அப்புறம் ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?"

நெருப்பின் வெளிச்சத்தில் எல்லோர் முகமும் அப்படித்தான் தெரியும் என்றேன்.

மேட்ரனுக்குப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். "உங்கப்பா மாதிரி ஒரு பிரஷ்ஷ ஆராய்ச்சி பண்ண ஆளை நான் பாத்ததே இல்லன்னு சொல்றாங்கப்பா. போர் அடிச்சிருப்பீங்க போல. பாவம், ரெண்டு மாசம் தினமும் கேட்டிருக்காங்க."

இருக்கலாம். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பிரபாகர் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. அடுத்த பொங்கல்வரை கவலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டைப் பெருக்கினேன். நல்ல நெருப்பு. புத்தகத்தில் ரோமாபுரி இன்னும் விழுந்து முடியவில்லை.

ஜனவரி 19, திங்கள்

மாலை விளக்கேற்றும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மேட்ரன் தட்டியதை இன்றுதான் முதலில் கேட்கிறேன்.

"சார், என் பக்கம் புகையுது."

"உங்க பக்கமா?"

"வந்து பாருங்க."

போனேன். அறையில் புகை மண்டியிருந்தது. ஜன்னல்களை எல்லாம் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார். சோபாவின் மேல் பழைய சேலைகளை விரித்து மூடியிருந்தார். மாதா சொரூபத்துக்கும் ஒரு துண்டு போர்த்தப்பட்டிருந்தது. தற்செயலான விபத்தை இவ்வளவு ஒழுங்காக எதிர்கொண்டவரை நான் கண்டதில்லை. மேட்ரன்களின் பயிற்சி அப்படி.

நெருப்பை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். இந்தக் கணப்புகளின் தொண்டையில் ஓர் இரும்புத் தகடு உண்டு. அதைத் திறந்தால்தான் புகை மேலே போகும். மூடுவதற்கு வெளியே ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். நன்றாகத் தள்ள வேண்டும். காற்றோ பூனையோ செய்யக்கூடிய காரியமல்ல.

தகடு முழுதாக மூடியிருந்தது.

எழுந்து நின்றேன். மேட்ரன் பக்கத்தில் நின்றார். வலது உள்ளங்கையில் கரி, கைப்பிடியின் அகலத்துக்கு. என் பார்வையைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் கையை மறைக்கவில்லை.

"என்ன சார் கோளாறு?"

எதையும் ஆராயாமல் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. கொஞ்சம் யோசித்தேன்.

"கரி அடைச்சிருக்கு. தேய்க்கணும்."

"உங்க பிரஷ் போதுமா?"

"போதாது. உங்க பக்கத்து அளவு வேறயா இருக்கும். மொதல்ல அளக்கணும். அப்புறம் கம்பியா, தும்பான்னு பாக்கணும். எல்லாத்தையும் மொதல்லேருந்து விசாரிக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"சொல்ல முடியாது."

"பரவாயில்ல, நிதானமா பாருங்க. கண்டதையும் வாங்கிரக் கூடாது" என்றார். பிறகு, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே, "அதுவரைக்கும் குளிருக்கு நான் எங்க போக?" என்று கேட்டார்.

என் பக்கம் கணப்பு எரிந்துகொண்டிருப்பதைத் தெரிவித்தேன்.

மறுபாதிப் புகைவழியைப் பரிசோதித்ததில் அது நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. இந்த விவரத்தை இங்கே மட்டும் பதிவு செய்கிறேன். பிரஷ் பற்றிய விசாரணை அடுத்த குளிர்காலத்துக்கு முன் முடியாது.